504 பெறுமதியில மாமாவுக்கு வேண்டியது ரெண்டு! வெப் சேர்விஸ் பதிலைப் பிரிக்கிறது எப்படி?

[திரையில்: கறுப்புத் திரை. நிக்காமல் ஓடுற எண்கள்.]

இது இணையத்தில ஒரு காலநிலைச் சேவை அனுப்பின பதில், இதில 504 பெறுமதி கிடக்கு. நீங்கள் எண்ண வேண்டாம், நான் எண்ணிட்டன். இதுக்குள்ள யாழ்ப்பாணத்துப் பாசையூரில மீன் பிடிக்கிற என்ர மாமாவுக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு. நாளைக்கு விடிய 4 மணிக்குக் காத்து என்ன வேகம்? எந்தப் பக்கத்தால வருது? ஸ்கிறிப்ற் எண்டு சின்ன நிரல் ஒண்டு எழுதி எடுத்துக் குடுத்தன். பிழையாக் குடுத்தன். ஸ்கிறிப்ற் ஒரு எரர்கூடக் காட்டேல்லை!

வணக்கம் மக்களே. பின்னணியை ஓட்டமா ஓடிடுவம். ஓப்பன்-மீற்றியோ எண்டு ஒரு காலநிலைச் சேவை. வியாபாரத்துக்கு இல்லையெண்டால் காசும் இல்லை, கீ எண்டு அனுமதிக் குறியீடும் தேவையில்லை. அகலாங்கு 9.66, நெட்டாங்கு 80.02 எண்டு குடுத்தால் யாழ்ப்பாணம். பதில் ஜேசன் (JSON) எண்ட வடிவத்தில வரும். ஜேசனைப் பிரபலமாக்கினவர் டக்ளஸ் குரொக்ஃபோர்ட், 2000களின்ர தொடக்கத்தில. வரலாறு முடிஞ்சுது.

[திரையில்: கட்டுப் பிரிக்காத ஒரு பெரிய பெட்டி]

இப்ப ஜேசன் எண்டால் என்ன? கனடாவில இருந்து வாற பார்சல். பெட்டியைத் திறந்தால் உள்ளுக்குப் பைகள். ஒவ்வொரு பையிலயும் பேர் எழுதியிருக்கும்: அம்மம்மாவுக்கு, சின்ன மாமிக்கு, தம்பிக்கு. அம்மம்மாவின்ர பைக்குள்ள இன்னொரு குட்டிப் பை, அதுக்குள்ள தைலப் போத்தல். பெட்டி வரேக்க குலுங்கி எந்தப் பை மேல வந்தாலும் பேர் மாறாது. ஆனால் சில பேர் என்ன செய்யினம்? கத்தியை எடுத்து, 'மேல இருந்து அரை அடியில தைலம் இருக்கும்' எண்டு பெட்டியைக் குறுக்கால வெட்டுவினம். பதிலை வெறும் எழுத்தா நினைச்சு, காற்புள்ளியில வெட்டி, ஏழாவது துண்டை எடுக்கிறது உதுதான். இண்டைக்கு வேலை செய்யும். நாளைக்குச் சேவைக்காரர் புதுசா ஒரு பையை உள்ள வைச்சால் தைலத்துக்குப் பதிலா சொக்லேற் வரும்.

ஆனபடியால் பைதன் எண்ட நிரல் மொழியில ரெஸ்பொன்ஸ் டொட் ஜேசன் எண்டு ஒரு வரி. பெட்டி பிரிஞ்சிட்டுது. அதுக்கு முதல் ஸ்டேற்றஸ் கோட் 200 தானோ எண்டு பாருங்கோ, 200 எண்டால் எல்லாம் சரி. பிழையான கேள்விக்கும் ஜேசனிலதான் பதில் வரும், உள்ளுக்கு ஏச்சு இருக்கும்.

பிரிச்சால் 'ஹவர்லி', மணிக்கு மணி எண்டு ஒரு பை. அதுக்குள்ள மூண்டு பட்டியல்: நேரம், வேகம், திசை. 7 நாள், நாளுக்கு 24 மணி, ஆக ஒவ்வொண்டிலயும் 168. மூண்டும் சேர்த்து 504. நேரம் ஒரு பட்டியலில, வேகம் வேறொரு பட்டியலில. ரெண்டையும் பொருத்திறது இடத்தின்ர இலக்கம் மட்டும்தான். எண்ணிக்கை 0இல இருந்து தொடங்கும்.

நான் என்ன செய்தன்? 0 எண்டால் இண்டைய நள்ளிரவு, 24 எண்டால் நாளைய நள்ளிரவு, 28 எண்டால் நாளைக்கு 4 மணி. எடுத்தன், அனுப்பினன். பின்னேரம் மாமா கோல்.

"மருமோன், உது எந்த ஊர்க் காத்து?"

அது எங்கட ஊர்க் காத்துத்தான், நேரம்தான் லண்டன். நேர வலயம் சொல்லாட்டி இந்தச் சேவை கிறீனிச் நேரத்தில பதில் தரும். அந்த நேரப்படி 4 மணி எண்டால் எங்களுக்குக் காலமை 9.30. மாமா கரைக்கு வந்து, மீனும் வித்து, தேத்தண்ணியும் குடிச்சு முடிஞ்சிருக்கும்.

[திரையில்: பதிலின் மேல் பகுதி. ஒரு வரி மட்டும் மஞ்சளில்.]

வெக்கம் என்னெண்டால் பதிலிலயே எழுதியிருந்தது. யூரிசி ஓஃப்செற் செக்கன்ட்ஸ்: 0. கிறீனிச் நேரத்தில இருந்து எத்தினை செக்கன் தள்ளி எண்டு அர்த்தம். நான் வாசிக்கேல்லை. கேள்வியில ரைம்சோன் ஏசியா கொழும்பு எண்டு சேர்த்தவுடன அதே வரி 19800 ஆச்சுது. அஞ்சரை மணித்தியாலத்தைச் செக்கனாப் பெருக்கிப் பாருங்கோ. இப்ப நான் 28 எண்டு கண்ணை மூடி எடுக்கிறேல்லை. நேரப் பட்டியலில நாளைய திகதியோட 04:00 எங்க இருக்கெண்டு தேடி, அந்த இலக்கத்தை மற்ற ரெண்டு பட்டியலுக்கும் குடுக்கிறன்.

சரி, எனக்குப் பிடிச்ச இடம் இனித்தான் வருது. சப்ஸ்கிறைப் பண்ணாத ஆக்கள் இதில பண்ணுங்கோ, பேந்து மறந்திடுவியள்.

திசை எண்ணா வரும், 0இல இருந்து 360 வரை. மாமாவுக்கு '210' எண்டு அனுப்பினால் என்ன செய்வார்? பஸ் நம்பரோ எண்டு கேப்பார். அவருக்குக் காத்துக்குப் பேர் இருக்கு. வடக்கால வந்தால் வாடை, கிழக்கால கொண்டல், தெற்கால சோளகம், மேற்கால கச்சான். நான் 180ஐக் கூட்டிக் கழிச்சுத் திருப்ப வேண்டிவருமோ எண்டு பயந்தன். தேவையில்லை! வானிலைக்காரரும் காத்து எங்கயிருந்து வருதோ அந்தத் திசையைத்தான் சொல்லுவினம், எங்கட பேரும் அப்பிடித்தான்.

வட்டத்தை நாலா வெட்டி நாலு பேர் ஒட்டினன். 225ஐத் தாண்டினவுடன கச்சான் எண்டு வந்துது. மாமா சிரிச்சார். "தென்மேற்கெண்டாலும் சோளகம்தானடா, கச்சான் எண்டால் நேர் மேற்கு." வடகிழக்கும் அவருக்கு வாடைதான். வட்டத்தை வெட்டின கோடுகளைத் தள்ளிப் போட்டன். இதெல்லாம் எந்த டொக்கியூமென்றேசனில இருக்கு, சொல்லுங்கோ பாப்பம்?

இன்னொரு குழி. 3 மணிக்கு 350, 4 மணிக்கு 10. ரெண்டும் வாடை. சராசரி எடுத்தால் 180, அசல் சோளகம்! வட்டத்தில இருக்கிற எண்ணைக் கூட்டி ரெண்டால பிரிக்கக் கூடாது.

சிலவேளை ஒரு மணித்தியாலத்துக்குப் பெறுமதி இல்லாமல் 'நல்' (null) எண்டு வரலாம். பைதனில அது நன் (None) ஆகும், அதை 0 எண்டு மாத்திப் போடாதேங்கோ. 0 எண்டால் காத்தே இல்லையெண்டு அர்த்தம். கடலுக்குப் போறவை என்ர ஸ்கிறிப்றை நம்பாமல் வளிமண்டலவியல் திணைக்களத்தின்ர அறிவித்தலைப் பாருங்கோ. மாமாவுக்கும் இதைத்தான் சொன்னன்.

இப்ப ஒவ்வொரு இரவும் அவற்ற ஃபோனுக்கு ஒரு வரி போகுது: 'விடிய 4, சோளகம், 18'. வேகம் மணிக்குக் கிலோமீற்றரில. நேற்று அவர் திருப்பி அனுப்பினது: 'நொட்டில போடு'. நொட் எண்டால் மணிக்கு ஒரு கடல் மைல். கேள்வியில வின்ட் ஸ்பீட் யூனிற் எண்டு ஒரு சொல் சேர்த்தால் அதுவும் வரும், நாளைக்குச் செய்யிறன்.

மட்டக்களப்பு, மன்னார் ஆக்கள், உங்கட பக்கம் எந்தக் காத்துக்கு என்ன பேர்? எத்தினை பாகை எண்டதையும் சேர்த்துக் கீழ எழுதுங்கோ.