கடவுளிடம் நேரே மன்னிப்புக் கேட்டால் போதாதா?

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க! எல்லாரும் நலமா?

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் வந்தாலே இளைஞர்கள் கேட்கிற கேள்வி இது: கடவுளிடம் நேரே மன்னிப்புக் கேட்டால் போதாதா, எதற்குச் சாமியாரிடம், அதாவது குருவிடம், போய்ப் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும்? நியாயமான கேள்விதான்.

யோவான் நற்செய்தி 20-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். உயிர்த்த ஆண்டவர் சீடர்கள்மேல் ஊதி, பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை அவர்களிடம் கொடுக்கிறார். மன்னிப்பவர் கடவுள், குருவின் வாய் வழியாக அந்த மன்னிப்பு நம் காதில் விழுகிறது. மனதுக்குள்ளேயே கேட்டுக்கொண்டால் குற்றவாளியும் நாமே, தீர்ப்புச் சொல்பவரும் நாமே. சிலர் தங்களைச் சுலபமாக விட்டுவிடுவார்கள். சிலரோ என்றோ செய்ததை நினைத்துச் சாகும்வரை தங்களையே தண்டித்துக்கொள்வார்கள். இந்த இரண்டாவது வகையினரை நினைத்தால் எனக்கு மனசு தாங்காது.

இந்த இடத்தில் புனித ஜான் மரிய வியான்னியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பிரான்சில் குருமடத்தில் லத்தீன் ஏறாமல் தவித்தவர் அவர். 1815-இல் குருவானபோதும் பாவசங்கீர்த்தனம் கேட்கும் அனுமதியை உடனே கொடுக்கவில்லை. 1818-இல் ஆர்ஸ் என்ற சின்னக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கோயில் பக்கமே வராத ஜனங்கள்! அவர் கிறிஸ்துவின் உடலாகிய நற்கருணைமுன் மணிக்கணக்கில் செபித்துக் காத்திருந்தார். அப்புறம் பிரான்ஸ் முழுவதிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நாளுக்கு 16 மணிநேரம்வரை குரு அமர்ந்து கேட்கும் சிறு கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டியிலேயே உட்கார்ந்திருந்தார். வந்தவர்களுக்குச் சின்ன பரிகாரம் கொடுத்துவிட்டு, மீதியை அவர்களுக்காகத் தானே செய்தாராம். 1859-இல் இறக்கும்வரை அதே பங்கில்தான் இருந்தார்.

சாவான பாவம், அதாவது தெரிந்தே மனதாரச் செய்த கனமான பாவம், இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறையாவது கட்டாயம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். சின்னக் குற்றங்களான அற்பப் பாவங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனாலும் அடிக்கடி செய்யச் சொல்லித் திருச்சபை வற்புறுத்துகிறது. ஈஸ்டர் வாரத்துப் பெரிய வியாழனுக்கு முந்திய நீண்ட வரிசையில் அவசரமாக முடிப்பதைவிட, சாதாரண மாதத்தில் ஆற அமர ஆன்ம சோதனை செய்துவிட்டுப் போவது எவ்வளவோ மேல். கோபம், பொறாமை, புறணி எல்லாம் எங்கே வேர்விடுகின்றன என்று அப்போதுதான் தெரியும். திருத்தந்தை பிரான்சிஸ் 2014 மார்ச்சில் பேதுரு பேராலயத்தில், எல்லாரும் பார்க்க ஒரு குருவின்முன் முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தார். திருத்தந்தைக்கே அது தேவைப்பட்டது.

சரி, நாம் சொன்னதைக் குரு வெளியே சொல்லிவிடுவாரோ என்ற பயமா? கேட்ட பாவத்தை இன்னாருடையது என்று வெளியே சொல்லும் குரு, அந்தச் செயலாலேயே திருச்சபைக்குப் புறம்பாகிவிடுவார். அவ்வளவு கடுமையான இரகசிய முத்திரை அது.

பல வருடமாகப் போகாதவர்கள், பாவங்களுக்காக வருந்திச் சொல்லும் மனத்துயர் செபம் மறந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். முழந்தாளிட்டு, "சாமி, எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். அவரே ஒவ்வொன்றாகக் கேட்டு நடத்திக்கொடுப்பார்.