இடுப்பு முறிவுக்குக் கட்டுப் போடலாமா?

(திரையில்: பெங்களூர் ஸ்ரீராமபுரம். நெருக்கமான சந்தில் ஒரு வீடு. பாத்ரூம் வாசலில் ஈரத் தரை.)

குரல்: விடியற்காலையில் பாத்ரூமுக்கு எழுந்த ஆயா வழுக்கி விழுந்துவிட்டார். எழுந்து நிற்க முடியவில்லை. மருமகள் தைலத்தை எடுத்து நீவப் போகிறார். "வண்டி பிடித்து, நாட்டு எலும்பு வைத்தியத்துக்குப் பேர்போன புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டு வந்துவிடலாம்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டும் வேண்டாம். முதலில் காலைப் பாருங்கள்.

(திரையில்: பாயில் படுத்திருப்பவரின் இரண்டு பாதங்கள், மிக அருகில்.)

குதிகால்கள் ஒரே வரிசையில் இல்லை. அடிபட்ட கால் சற்றுக் குட்டையாகத் தெரிகிறது. பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. தொடை இடுக்கில் கடுமையான வலி. தொடை எலும்பின் கழுத்திலோ (மேல்முனைப் பந்துக்குக் கீழே ஒடுங்கிய பகுதி), அதற்குச் சற்றுக் கீழேயோ முறிந்திருந்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். வெறும் விரிசலாக இருந்தால் கால் நேராகவே இருக்கலாம். சிலர் நொண்டியபடி நடந்தும் விடுவார்கள். எக்ஸ்ரேயில் தெரியாமல் எம்.ஆர்.ஐ.யில் மட்டும் தெரியும் முறிவும் உண்டு. ஆகவே, விழுந்த பிறகு இடுக்கில் வலி நீடித்தால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

(திரையில்: இடுப்பு மூட்டின் படம்.)

மணிக்கட்டு என்றால் சுற்றிக் கட்டி அசையாமல் வைக்க முடியும். இடுப்பு மூட்டோ தசைக்குள் ஆழத்தில் இருக்கிறது. மேலே எத்தனை மூங்கில் பத்தை வைத்தாலும் உள்ளே எலும்பு நகரும். கழுத்துப் பகுதி முறிந்து விலகினால், எலும்பின் பந்து போன்ற தலைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் சேதமடையும். பிறகு அந்த எலும்பு பட்டுப்போகலாம். அதனால்தான் முதியவர்களுக்குப் பெரும்பாலும் செயற்கைப் பந்து பொருத்துகிறார்கள். கீழே முறிந்திருந்தால் உலோகத் தண்டும் திருகாணியும் வைப்பார்கள்.

"எண்பது வயதில் ஆபரேஷன் எதற்கு, படுத்தே இருக்கட்டுமே" என்று சொல்ல உறவில் ஒருவராவது இருப்பார். அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் அந்தப் படுக்கையே ஆளைக் கொல்லும். நிமோனியா, படுக்கைப்புண், கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைவது எல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன. பல நாட்டு ஆய்வுகளில், இடுப்பு முறிந்த முதியவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் இறந்திருக்கிறார்கள். உடல்நிலை இடம் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை, மறுநாளே வாக்கர் பிடித்து நிற்பது: டாக்டர்கள் அவசரப்படுத்துவது இதற்காகத்தான்.

ஆட்டோவில் உட்கார வைத்து மடக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். ஜெயநகரில் எலும்பு முறிவுக்கென்றே சஞ்சய் காந்தி அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆயா சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது சாப்பிடுகிறாரா என்பதை மயக்க மருந்து டாக்டர் கட்டாயம் கேட்பார்.

(திரையில்: டிஸ்சார்ஜ் சீட்டு.)

சாதாரணமாக விழுந்ததற்கே முறிந்தது என்றால் எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கிறது; அடுத்த பக்கமும் முறியலாம். கால்சியம் மாத்திரை மட்டும் இதற்குப் போதாது. வாரம் ஒரு மாத்திரையாகவும் ஆண்டுக்கு ஒரு முறை ஏற்றும் ஊசியாகவும் மருந்துகள் இருக்கின்றன. சீட்டில் அப்படி எதுவும் இல்லையென்றால், வீட்டுக்குக் கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், தள்ளாடி மறுபடி விழக்கூடும்; அது இன்னும் தேவைதானா என்பதையும் கூடவே கேளுங்கள்.