கடைசி சீட் எனக்குத்தான்! பொறியியல் அறிமுகத்தில் நான் எடுத்த மூன்று மாட்யூல்கள்

மக்களே வணக்கம். வழக்கம்போல மொட்டைமாடிதான், வழக்கம்போல மஞ்சக்குப்பம் பஸ் ஹாரன்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். கிடைத்துவிட்டது! போன வீடியோவில் புலம்பினேனே, அந்தக் கடற்கரைப் பொறியியல் மாட்யூல். (மாட்யூல் என்றால் பொறியியல் அறிமுகத்தில் நாமே தேர்ந்தெடுக்கிற சின்னப் பாடப் பகுதி.) மொத்தம் 30 சீட். முப்பதாவது சீட் என் பெயரில்.

திங்கட்கிழமை காலை 10 மணிக்கு போர்ட்டல் திறக்கும் என்றார்கள். நான் 9.30க்கே லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். 10 அடித்ததும் எண்ணைப் போட்டேன், ஓடிபி வரவில்லை. 10.04க்கு வந்தது, அதற்குள் காலாவதி. மறுபடி கேட்டேன். வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது. பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் நிரல் மொழி மாட்யூலில் எல்லோரும் அடித்துக்கொண்ட சார் வகுப்பு அதற்குள் நிரம்பிவிட்டது. என் மாட்யூலில் மிச்சம் 11 சீட் என்று காட்டியது. அடுத்த தடவை பார்க்கும்போது 7. அம்மா கீழேயிருந்து "கிடைச்சுதா, கிடைச்சுதா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்குக் கை நடுங்குகிறது. அப்பா போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, திரும்ப உள்ளே போனால் 1. ஒன்றே ஒன்று! அழுத்தினேன். பச்சை எழுத்தில் 'உறுதி செய்யப்பட்டது'. மணி 10.17. அந்த ஸ்கிரீன்ஷாட்டைத்தான் இப்போது வால்பேப்பராக வைத்திருக்கிறேன், இதோ பாருங்கள்.

சரி, இப்போது எனக்குக் கோபம் வருகிற விஷயம். சீனியர் அண்ணன்மார் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினார்கள். இந்த சார் இன்டர்னல் மார்க்கை அள்ளிப் போடுவார், அந்த மேடத்துக்குக் கை இறுக்கம். இவ்வளவுதான். யார் புரியும்படி நடத்துவார்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நாம் கட்டுகிற பணம் பாடத்துக்கு இல்லையா? அதனால் போன வாரம் நேரில் போய் அனுமதி கேட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வகுப்பில் 50 நிமிடமும் திரையில் இருந்ததை அப்படியே வாசித்தார்கள்.

அடுத்து கடற்கரைப் பொறியியல் நடத்துகிற அந்தக் கை இறுக்கமான மேடம் வகுப்பு. மேசைமேல் நீலப் பிளாஸ்டிக் தட்டு, அதில் ஈர மணல் சரிவாக. நடுவில் ஒரு மரஸ்கேலைக் குத்தி நிறுத்தினார். ஒரு மக்கில் தண்ணீரை எடுத்துச் சாய்வாக, மெதுவாக ஊற்றிக்கொண்டே இருந்தார். ஸ்கேலுக்கு இந்தப் பக்கம் மணல் மேடு கட்டுகிறது. அந்தப் பக்கம் மணல் கரைந்து தட்டின் அடி தெரிகிறது. "நம்ம புதுச்சேரி பீச்சுக்கு நடந்தது இதுதான்" என்றார்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. நம் கரையில் பெரும்பாலான மாதங்களில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்குக் கல் தடுப்பு கட்டினார்கள். மணல் தெற்கே நின்றுவிட்டது, வடக்கே நகரத்துப் பக்கம் கடல் அரித்தது. அப்பா சின்ன வயதில் காந்தி சிலைக்கு எதிரே மணலில் விளையாடியிருக்கிறார். நான் சிறுமியாக இருந்தபோது அங்கே பார்த்ததெல்லாம் கருங்கல்தான். 2018 வாக்கில் என்ஐஓடி என்கிற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு செயற்கைப் பாறைத்திட்டை இறக்கிய பிறகுதான் கொஞ்சம் மணல் திரும்பியது. இதையெல்லாம் ஒரு தட்டில் காட்டுகிற ஆசிரியரை மார்க்குக்காக விடுவேனா?

சித்தப்பா மட்டும் "கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவளுக்குச் சிவில் எதுக்கும்மா" என்றார். இனி வரப்போகும் வருடங்கள் முழுக்கத் திரைதான் சித்தப்பா, மணலைத் தொட்டுப் படிக்க இந்த ஒரு செமஸ்டர்தான் இருக்கிறது என்றேன்.

மற்ற இரண்டும் சுருக்கமாக. ஒர்க்‌ஷாப்பில், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தகரத் துண்டு கொடுக்கிற சாரை எடுத்தேன். ஐந்து பேருக்கு ஒரு ஜாப், அதாவது செய்து முடிக்க ஒரே ஒரு வேலை, கொடுத்தால் ஒருவர் அறுப்பார், நான்கு பேர் ரெக்கார்ட் எழுதுவார்கள், அது எனக்குப் பிடிக்காது. பைத்தான் எடுத்தே ஆக வேண்டும், மிச்சமிருந்த பேட்சில் சேர்ந்தேன், அந்த மேடமும் நல்லவர்தான்.

அடடா, முக்கியமானதை விட்டுவிட்டேன். சிலபஸில் பெயருக்குப் பக்கத்தில் எல், டி, பி, சி என்று நான்கு எண் இருக்கும், அதைப் பாருங்கள். விரிவுரை, பயிற்சி, செய்முறை, கிரெடிட். 1-0-0-1 என்றால் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பது. 0-0-2-1 என்றால் இரண்டு மணி நேரம் கையால் செய்வது. இரண்டுக்கும் கிரெடிட் ஒன்றுதான். நேரம் மிச்சம் என்று நிறைய பேர் முதலாவதை எடுக்கிறார்கள். நான் பி-யில் எண் இருப்பதைத்தான் எடுப்பேன். இன்னொன்றும் விட்டுப்போனது: மேடம் வகுப்பு காலை 8 மணிக்கு. கடலூரிலிருந்து 6.30 பஸ்ஸைப் பிடித்தால்தான் சரியாக இருக்கும். வகுப்பு நேரத்தையும் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

நாளைக்கு முதல் வகுப்பு. மணலைச் சலிக்கச் சல்லடை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். மாவுச் சல்லடையைக் கேட்டேன், அம்மா தரவே மாட்டேன் என்றுவிட்டார். திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் முதல் கடையில் 120 சொன்னார்கள், அடுத்த கடையில் அதே சல்லடை, அதே கம்பி, 80 ரூபாய்! இதோ. தேவனாம்பட்டினம் மணலை ஒரு பாட்டிலில் எடுத்து வைத்திருக்கிறேன், புதுச்சேரி மணலோடு சேர்த்துச் சலித்துப் பார்க்கலாமா என்று மேடத்திடம் கேட்கப்போகிறேன்.