விட்டுக்கொடுக்க மனம் வராத படங்கள்

வணக்கம். பிடித்த படம் பத்து சொல்லுங்கள் என்றால் யாரும் தயங்குவதில்லை. மளமளவென்று இருபது பெயர் வந்துவிடும். அந்த இருபதையே ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தச் சொன்னால்தான் பேச்சு நின்றுபோகிறது. "எல்லாமே நல்ல படம், ஒன்றோடு ஒன்றை எப்படி ஒப்பிடுவது?" என்கிறோம். ஒப்பிடலாம், ஒப்பிட்டே ஆக வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். இந்தப் படம் மேலே, அந்தப் படம் கீழே என்று எழுதும் நேரத்தில்தான் ஒரு படத்தில் நமக்கு எது பிடித்தது என்று முதன்முதலாக யோசிக்கிறோம்.

கூடவே ஒரு வேண்டுகோளும் உண்டு. பண்டிகை நாட்களில் ஆண்டுதோறும் திரும்பப் பார்க்கும் படங்களை நாம் தனியாக ஒதுக்கிவிடுகிறோம். "அது கிறிஸ்துமஸ் படம், அதை வேறு கணக்கில் வையுங்கள்" என்கிறோம். அந்தப் பிரிவினை வேண்டாம். அவையும் மற்ற படங்களோடு ஒரே வரிசையில் நிற்கட்டும். நிற்கும் தகுதி அவற்றுக்கு உண்டு.

பட்டியல் என்றதும் எல்லோரும் கைகாட்டுவது, உலகின் சிறந்த படங்களைத் தேர்ந்தெடுக்க பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' சினிமாப் பத்திரிகை நடத்தும் வாக்கெடுப்பு. 1952 முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. முதல் தடவை 'பைசைக்கிள் தீவ்ஸ்' முதலிடம் பெற்றது. அப்போது அந்தப் படத்துக்கு நான்கே வயது. 1962 தொடங்கி 2002 வரை 'சிட்டிசன் கேன்' அசையவில்லை. 2012இல் 'வெர்டிகோ' வந்தது. 2022இல் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்து, ஷான்டல் அக்கர்மான் 1975இல் எடுத்த 'ஜான் டீல்மன்' மேலே ஏறியது. பெண் இயக்கிய படம் ஒன்று அங்கே முதலிடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்த வாக்காளர்கள் யாரும் முதல் படம், இரண்டாம் படம் என்று மதிப்பெண் போடுவதில்லை. ஆளுக்குப் பத்துப் படம் சொல்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு, அவ்வளவுதான். எண்ணிக்கைதான் வரிசையை உண்டாக்குகிறது. ஆகவே முதலிடத்தில் இருக்கும் படம் பலருடைய பத்தில் இருந்த படமே தவிர, பலருக்கு முதலாவதாக இருந்த படம் என்று சொல்ல முடியாது. இணையத்தில் நட்சத்திரம் போடும் பட்டியல்களும் சராசரிக் கணக்குதான். எல்லோரும் எட்டு மதிப்பெண் போட்ட படம், பாதிப் பேர் பத்தும் பாதிப் பேர் மூன்றும் போட்ட படத்தை அங்கே தோற்கடித்துவிடும். உங்கள் சொந்தப் பட்டியலுக்குச் சராசரி கிடையாது. அந்தப் பத்து மதிப்பெண் உங்களுடையது என்றால் அந்தப் படம் மேலே வரும். அதைத் தடுக்க யாருமில்லை.

சரி, எதை வைத்து வரிசைப்படுத்துவது? பலரும் சொல்லும் அளவுகோல், எதை அதிக முறை பார்த்தோம் என்பது. அது பாதிதான் சரி. சில படங்களை அடிக்கடி பார்க்கவே முடியாது, நெஞ்சு தாங்காது. அதனால் நான் இரண்டு இரண்டு படமாக எடுத்து ஒரு கேள்வி கேட்கிறேன்: இந்த இரண்டில் ஒன்றை இனி வாழ்நாள் முழுக்கப் பார்க்க முடியாது என்றால், எதை விட்டுக்கொடுக்க மனம் வராது? இந்தக் கேள்வி கொஞ்சம் கடுமையானது. மரியாதைக்காகப் பட்டியலில் வைத்திருக்கும் படங்களை அது தயவு பார்க்காமல் வெளியே தள்ளிவிடும். 'வெர்டிகோ'வை நான் மிகவும் மதிக்கிறேன். அதன் பச்சை நிறத்தைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசலாம். ஆனால் இந்தக் கேள்வியில் அது என் பத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.

பண்டிகைப் படங்கள் இந்தக் கேள்வியில்தான் ஜெயிக்கின்றன. அதற்குச் சிறந்த சாட்சி ஃபிராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'. 1946 டிசம்பரில் நியூயார்க்கில் வெளியானது. ஐந்து ஆஸ்கர் பரிந்துரை வந்தது, அந்த ஐந்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. போட்ட பணமும் திரும்பவில்லை. அன்றைய கணக்கில் அது தோற்ற படம். பிறகு 1974இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். படம் பொதுச் சொத்து போல ஆகிவிட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் காசு கொடுக்காமல் போடலாம் என்றதும் ஒவ்வொரு டிசம்பரிலும் மாற்றி மாற்றிப் போட்டன. மக்கள் பார்த்தார்கள், மறுவருடமும் பார்த்தார்கள். 1993இல்தான், மூலக் கதையின் உரிமையையும் இசையின் உரிமையையும் காட்டி, ஒரு நிறுவனம் மறுபடி கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதற்குள் அது கிளாசிக் ஆகிவிட்டிருந்தது.

"அப்படியென்றால் ஓசியில் கிடைத்ததால் வந்த புகழ்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஓசியில் கிடைத்த படங்கள் எத்தனையோ இருந்தன. எல்லாவற்றையும் மக்கள் திரும்பத் திரும்பப் பார்க்கவில்லை. இதைப் பார்த்ததற்குக் காரணம் படத்துக்குள் இருக்கிறது. மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் இதை இனிப்பான படம் என்கிறார்கள். கதையைக் கவனியுங்கள். ஊரைவிட்டு வெளியே போய் உலகத்தைப் பார்க்க ஆசைப்பட்ட ஒருவன், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் யாருக்காகவோ நின்றுவிடுகிறான். 8,000 டாலர் தொலைந்துபோகிறது. கையில் இருப்பது ஓர் ஆயுள் காப்பீட்டுப் பத்திரம். நீ உயிரோடு இருப்பதைவிடச் செத்தால்தான் மதிப்பு அதிகம் என்று ஊர்ப் பணக்காரர் பாட்டர் முகத்துக்கு நேரே சொல்கிறார். அந்தப் பணத்தை எடுத்து மறைத்துக்கொண்டவரும் அவரேதான். கடைசிவரை அவர் பிடிபடுவதில்லை, தண்டனையும் இல்லை. நாயகனுக்கு நல்லது நடக்கிறது, அநியாயம் அப்படியே இருக்கிறது. ஒரு பண்டிகைப் படத்துக்கு இது எவ்வளவு துணிச்சல்!

தொலைபேசிக் காட்சி ஒன்று போதும், இந்தப் படத்தை எடைபோட. நாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் நாயகி டோனா ரீடும் ஒரே ரிசீவரில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மறுமுனையில் வேறொருவன் வியாபாரம் பேசுகிறான். இரண்டு முகங்களும் ஒட்டிக்கொள்ளும் தூரத்தில் இருக்கின்றன. காமிரா நகர்வதே இல்லை. அவளைக் காதலிக்கிறோம் என்பது அவனுக்கு மகிழ்ச்சியாக இல்லை, கோபமாக வருகிறது. ஏனென்றால் அந்தக் காதலை ஒப்புக்கொண்டால் ஊரைவிட்டுப் போகும் கனவு அன்றோடு முடிந்தது. அவளைப் பிடித்து உலுக்கி, கல்யாணமே வேண்டாம் என்று கத்தி, அடுத்த நொடி கட்டிக்கொள்கிறான். காதல் காட்சியில் இவ்வளவு இழப்பைக் காட்டிய படம் அதிகம் இல்லை.

இன்னொரு செய்தி. அந்தப் படத்தில் பார்க்கும் பனி முழுக்கக் கோடை வெயிலில் உண்டாக்கியது. அதற்கு முன்னால் படங்களில் வெள்ளை அடித்த கார்ன்ஃப்ளேக்ஸைத்தான் பனியாகக் கொட்டுவார்கள். மிதித்தால் நறநறவென்று சத்தம் வரும் என்பதால் வசனத்தைப் பிறகு தனியாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. இந்தப் படத்துக்காகத் தீயணைப்பு நுரையையும் சோப்பையும் தண்ணீரையும் கலந்து, காற்று இயந்திரத்தால் ஊதி, சத்தமில்லாத பனியை உருவாக்கினார்கள். நடிகர்களின் குரலை அந்த இடத்திலேயே பதிவு செய்ய முடிந்தது. அகாடமி அதற்கு ஒரு தொழில்நுட்ப விருது கொடுத்தது. ஸ்டூவர்ட்டின் குரல் உடைவதை நாம் அப்படியே கேட்கிறோமே, அதில் அந்த நுரைக்கும் பங்குண்டு. என் வரிசையில் இந்தப் படம் நான்காவது.

பண்டிகைப் படம் என்பது எது? இதில் ஆண்டுதோறும் ஒரு சண்டை நடக்கிறது, 'டை ஹார்ட்' கிறிஸ்துமஸ் படமா இல்லையா என்று. 1988 ஜூலையில் வெளியான படம்தான். வெளியான மாதத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. சான்டா கிளாஸ் கதையான 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' 1947இல் கோடைக்கு முன்பே வெளியானது. கோடையில்தான் கூட்டம் அதிகம் வரும் என்று ஸ்டுடியோ தலைவர் சொல்லிவிட்டார். விளம்பரத்தில் கிறிஸ்துமஸையே மறைத்தார்கள். என் அளவுகோல் வேறு: கதையிலிருந்து பண்டிகையை உருவிவிட்டால் கதை நிற்குமா?

வெளிநாடு கிளம்பிய குடும்பம் வீட்டில் மறந்து விட்டுப்போன ஒரு சிறுவனின் கதையான 'ஹோம் அலோன்' நிற்காது. பக்கத்து வீடுகள் காலி, ஏனென்றால் எல்லோரும் விடுமுறைக்குப் போய்விட்டார்கள். அம்மாவுக்கு உடனே விமானம் கிடைக்கவில்லை, ஏனென்றால் பண்டிகைக் கூட்டம். திருடர்கள் அந்தத் தெருவுக்கு வருவதே அதனால்தான். கதையின் ஒவ்வொரு ஆணியும் பண்டிகையில் அடிக்கப்பட்டிருக்கிறது. 'டை ஹார்ட்'டும் நிற்காது. பிரிந்திருக்கும் மனைவியைப் பார்க்க நாயகன் வருவதும், அவள் வேலை பார்க்கும் கட்டடத்தில் ஒரு விருந்து நடக்கும் தளம் தவிர மற்றவை வெறிச்சோடிக் கிடப்பதும் கிறிஸ்துமஸால். ஆகவே என் கணக்கில் அது கிறிஸ்துமஸ் படம். எனக்கு அது பத்தாவது, 'ஹோம் அலோன்' ஒன்பதாவது. குழந்தைகள் கீழே விழுகிற திருடர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பெரியவர்களாகிப் பார்க்கும்போது கண் போவது தேவாலயத்தில் அந்தச் சிறுவனோடு பேசும் தாத்தாவிடம், மகனோடு பேச்சுவார்த்தை நின்றுபோன அந்த மனிதரிடம். வயதுக்கேற்ப வேறு வேறு ஆளைக் காட்டும் படம் சாதாரணமானதா?

நகைச்சுவைப் படங்களைப் பட்டியல்கள் பெரும்பாலும் மேலே ஏற்றுவதில்லை. இது எனக்கு நெடுநாள் வருத்தம். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' 1964இல் வந்தது. செல்லப்பாவாக வரும் நாகேஷ் திகில் கதை சொல்லும் காட்சியை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாகேஷ் செய்வதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று நினைக்கிறோம். அடுத்த முறை பாலையாவை மட்டும் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி, கொஞ்சம் கொஞ்சமாகப் பயத்தை முகத்துக்குள் இறக்குகிறார். கேட்பவர் பயப்படாவிட்டால் சொல்பவர் செய்வதெல்லாம் வெறும் சேட்டை. அந்தக் காட்சியின் பாதி உயிர் அவர் கேட்கும் விதத்தில் இருக்கிறது. ஐந்தாவது இடம் அதற்கு. ஆறு, ஏழு, எட்டு எனக்கு மாறிக்கொண்டே இருப்பவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூன்றாவது, 'உதிரிப்பூக்கள்'. 1979, மகேந்திரன். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து பிறந்த படம். இறுதியில் ஊரே சேர்ந்து அந்தக் கொடியவனை ஆற்றுக்கு அழைத்துப்போகிறது. இதுவரை நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேன், நான் செய்த தப்பிலேயே பெரிய தப்பு அதுதான் என்ற பொருளில் அவன் பேசுகிறான். தண்டனை நியாயம்தானே என்று உட்கார்ந்திருந்த நம்மையும் அந்த வசனம் ஊராரோடு சேர்த்து நிறுத்திவிடுகிறது. அடிக்கடி பார்க்க முடியாத படம் என்றேனே, அதில் முதலாவது இது.

இரண்டாவது, ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி', 1953. பிள்ளைகளைப் பார்க்க வந்த வயதான பெற்றோர், நேரமில்லாத பிள்ளைகள், அன்பாக இருப்பவள் போரில் கணவனை இழந்த மருமகள் நோரிகோ மட்டும். வாழ்க்கை ஏமாற்றம்தான் இல்லையா என்று அந்தப் பெற்றோரின் கடைசி மகள் கேட்க, ஆமாம் என்று நோரிகோ புன்னகையோடு சொல்கிறாள். இத்தனைக்கும் யாரையும் வில்லனாக்கவில்லை ஓசு. அந்தப் பிள்ளைகளில் நாமும் ஒருவர் என்று தெரிந்துபோகிறது.

முதலிடம் பில்லி வைல்டரின் 'தி அபார்ட்மென்ட்'. 1960. சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர். இது கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் கதை. மேலதிகாரிகளின் கள்ள உறவுகளுக்குத் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்து வேலையில் ஏறும் ஒருவன், பாக்ஸ்டர். அவன் மனதுக்குள் விரும்பும், அலுவலகத்தில் லிஃப்ட் இயக்கும் பெண், ஃபிரான். அலுவலகத்தில் கிறிஸ்துமஸ் விருந்து. புதிதாக வாங்கிய தொப்பி பொருந்துகிறதா என்று பார்க்க அவன் ஆசைப்பட, அவள் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து நீட்டுகிறாள். கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. அந்தக் கண்ணாடியை அவனுக்குத் தெரியும். அவன் வீட்டில் யாரோ விட்டுப்போனதை அவனே எடுத்து மேலதிகாரியிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறான். தொப்பியும் அவன் முகமும் இரண்டாகப் பிளந்து தெரிகின்றன. கண்ணாடி உடைந்திருக்கிறதே என்கிறான். தெரியும், இப்படி இருப்பதுதான் எனக்குப் பிடிக்கிறது, என் மனசு இருக்கும் நிலையை அது காட்டுகிறது என்கிறாள். யாரும் அழவில்லை, யாரும் விளக்கவில்லை, சுற்றிலும் விருந்துக் கூச்சல். தொப்பி போட்டுக்கொண்ட ஒருவனைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய நாம் அந்தச் சிரிப்பை முடிப்பதற்குள் அவன் உலகம் உடைந்துவிடுகிறது.

பண்டிகை இல்லாமல் இந்தக் கதை இல்லை. மற்ற நாட்களில் மேலதிகாரி அவளுக்குப் பொய்யாவது சொல்லலாம். கிறிஸ்துமஸ் இரவில் அவன் மனைவி மக்களிடம் போயே ஆக வேண்டும். பரிசு வாங்க நேரமில்லை என்று 100 டாலர் நோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். தான் யார் என்று அவளுக்கு அந்த நோட்டு சொல்லிவிடுகிறது. யார் யாருக்குச் சொந்தம் என்பதைப் பண்டிகை நாள் மறைக்கவிடுவதில்லை. வைல்டர் அதைப் பிடித்துவிட்டார்.

'டோக்கியோ ஸ்டோரி'க்கு மேலே இதை வைத்ததற்குக் காரணம், ஓசுவின் படத்துக்கு நான் மனதைத் தயார் செய்துகொண்டு போக வேண்டியிருக்கிறது. வைல்டரின் படம் நான் எந்த மனநிலையில் இருந்தாலும் என்னை ஏற்றுக்கொள்கிறது, சிரிக்க வந்தாலும் சரி, உடைந்துபோய் வந்தாலும் சரி. இரண்டில் ஒன்று இனி கிடையாது என்றால் என் கை இதைத்தான் பிடித்துக்கொள்ளும். இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் இங்கே நிறைய இருப்பீர்கள். கையைத் தூக்குங்கள், உங்களிடமிருந்தே கேள்விகளைத் தொடங்குவோம்.