ஸ்காலர்ஷிப்: சப்மிட் பண்ணதுக்கு அப்புறம்தான் வேலையே ஆரம்பிக்குது

வணக்கம் மக்களே. தண்டையார்பேட்டைல இருந்து பேசுறேன். கண்டெய்னர் லாரி சத்தம் நடுவுல வரும், பொறுத்துக்கோங்க. நான் எம்.காம். படிக்கிறேன், கால்ல காலிப்பர் போட்டு நடக்குறவ. காலேஜ் போற மாற்றுத்திறனாளிப் பசங்களுக்கு கவர்மெண்ட் குடுக்குற பணம், அது நடுவுல எங்க சிக்கி நிக்குது, இதத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

என்ன இருக்குன்னு முதல்ல சொல்லிடுறேன். சென்ட்ரல் கவர்மெண்டோட போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் பதினொண்ணாவதுல இருந்து பி.ஜி. வரைக்கும் உண்டு. ஊனம் 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருக்கணும், அப்பா அம்மா வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அப்ளை பண்றது நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல. நம்ம மாநில அரசும் தனியா குடுக்குது, டிகிரிக்கு வருஷம் 12,000, பி.ஜி.க்கு 14,000. ஆனா சென்ட்ரல் ஸ்காலர்ஷிப் வாங்கினா இன்னொரு ஸ்காலர்ஷிப் கூட சேர்த்து வாங்க முடியாது, ரெண்டுல எதுன்னு கணக்குப் போட்டுட்டு முடிவு பண்ணுங்க. மாநில அரசோட புதுமைப்பெண் திட்டம் கதை வேற. 2022 செப்டம்பர்ல நம்ம பாரதி மகளிர் காலேஜ்லதான் அத ஆரம்பிச்சு வச்சாங்க. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச பொண்ணுங்களுக்கு மாசம் 1,000 ரூபா. வேற ஸ்காலர்ஷிப் வாங்குறவங்களும் இத வாங்கலாம், விட்றாதீங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். போர்ட்டல்ல சப்மிட் பண்ணா பணம் வந்துடும்னு நினைச்சுட்டு இருக்கோம். வராது. உங்க காலேஜ்ல நோடல் ஆபீசர்னு ஒருத்தர் இருப்பார். அவர் அவரோட லாகின்ல போய் உங்க ஃபார்ம சரிபார்த்து மேல அனுப்பணும். அதுக்குன்னு தனியா கடைசித் தேதி இருக்கு. அந்தத் தேதி போச்சுன்னா உங்க ஃபார்ம்ல ஒரு குறையும் இல்லாட்டியும் அந்த வருஷப் பணம் போச்சு.

எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தன், காது கேக்காது, உதட்டப் பார்த்துப் புரிஞ்சுப்பான். காலேஜ் ஆபீஸ் கவுண்டர்ல போய் நின்னான். உள்ள இருந்தவர் கம்ப்யூட்டரப் பார்த்துக்கிட்டே பதில் சொன்னார், முகத்தத் திருப்பவே இல்ல. இவனுக்கு எப்படித் தெரியும் என்ன சொன்னார்னு? திரும்பி வந்துட்டான். ஸ்டேட்டஸ் காலேஜ்லயே பெண்டிங்னு நின்னு, தேதியும் முடிஞ்சுது. இத நினைச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது. ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் காட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்.

அதனால ஃபார்ம பிரிண்ட் எடுத்து, வருமானச் சான்று, யூடிஐடி கார்டு (அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) ஜெராக்ஸ் வச்சு, நோடல் ஆபீசர் கையில குடுங்க. உங்க காப்பில சீலும் தேதியும் வாங்குங்க. ஸ்டேட்டஸ் நகரலைன்னா பிரின்சிபாலுக்கு எழுத்துல குடுங்க. அங்கயும் நடக்கலைன்னா மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு போடலாம், 2016 சட்டம் அந்த உரிமையக் குடுத்திருக்கு. ஃபார்ம் டிஃபெக்ட்னு, அதாவது குறை இருக்குன்னு திரும்பி வந்தா பயப்படாதீங்க, தேதிக்குள்ள திருத்தி அனுப்புனா போதும்.

பேங்க் விஷயம் ஒண்ணு. பணம் நீங்க நினைக்குற அக்கவுண்டுக்குப் போகாது, ஆதார் கடைசியா எந்த அக்கவுண்டோட இணைஞ்சிருக்கோ அதுக்குத்தான் போகும். ஸ்கூல் படிக்கும்போது தொறந்த பழைய அக்கவுண்ட் இருக்கான்னு பாருங்க. பேங்க்ல போய் ஆதார் சீடிங் எதுல இருக்குன்னு கேட்டா சொல்லுவாங்க.

அப்புறம் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல முகத்தக் காட்டி பண்ற ரிஜிஸ்ட்ரேஷன். வட்டத்துக்குள்ள முகத்த வை, கண்ண மூடித் தொறன்னா, கண்ணு தெரியாதவங்க எப்படி வைப்பாங்க? தலை ஆடாம வச்சுக்க முடியாதவங்க என்ன பண்ணுவாங்க? 2025 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் இதே மாதிரி பேங்க் கேஒய்சி, அதாவது கஸ்டமர் யாருன்னு சரிபார்க்குற விஷயத்துல, டிஜிட்டல் வசதி எல்லாருக்கும் கிடைக்கிறது வாழ்வுரிமையோட சேர்ந்ததுன்னு சொல்லி 20 உத்தரவு போட்டுச்சு. ஸ்காலர்ஷிப் போர்ட்டலும் அந்த வழிக்கு வரணும். வர்ற வரைக்கும் பக்கத்துல நம்பிக்கையான ஒருத்தர வச்சுக்கிட்டுப் பண்ணுங்க, ஓடிபிய மட்டும் யார்கிட்டயும் குடுக்காதீங்க.

காலேஜ் ஆசிரியர்கள் யாராவது இதப் பார்த்தீங்கன்னா ஒரு வேண்டுகோள். நோடல் ஆபீசர் பேரு, அவர் எந்த ரூம்ல இருப்பார், எத்தனை மணிக்கு இருப்பார், இத நோட்டீஸ் போர்டுலயும் கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டுடுங்க. ரூம் மாடில இருந்தா, தேதி முடியுற வரைக்குமாவது கீழ ஒரு டேபிள் போட்டு உட்காருங்க.

ஸ்டான்லி ஆஸ்பத்திரில ஊனச் சர்டிபிகேட் வாங்குறது, யூடிஐடிக்கு அப்ளை பண்றது எல்லாம் அடுத்த வீடியோல சொல்றேன்.