அரைக்கால் ஸ்ட்ராஸ்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இசை பிறப்பது இனத்திலா, பயிற்சியிலா? பயிற்சியில்தான். அது கிடக்கட்டும். எதிரணித் தலைவர் ஒண்ணு சொன்னாரே: "வியன்னா வால்ட்ஸ் ரத்தத்துல ஊறினது, வேத்து ரத்தம் கலந்தா காதே காட்டிக்கொடுத்துடும்." கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன்.

ஐயா, ஊறுறதுக்கு அது என்ன மாவடுவா? வால்ட்ஸ்னா மூணு தட்டு நடன இசை. வியன்னாக்காரங்க ரெண்டாவது தட்டை இம்மியளவு முந்தி வைப்பாங்க, மூணாவது தன் இடத்துலயே நிக்கும். அதிகமா முந்தினா நொண்டும். மூணும் சமமா விழுந்தா டிரில் மாஸ்டர் வந்துடுவார். தாள்ல எழுதியிருக்காது. பக்கத்து நாற்காலியைக் கேட்டுக் கேட்டுப் படியுற விஷயம்.

காது காட்டிக்கொடுக்குமாம்! 'நீல டான்யூப்' போட்ட இரண்டாம் யோகான் ஸ்ட்ராஸையே எடுப்போம். 1867-லேர்ந்து ஊரே ஆடுச்சு. 1938-ல நாஜி அமைச்சர் கோயபல்ஸுக்குச் சேதி வருது: ஸ்ட்ராஸோட கொள்ளுத்தாத்தா ஞானஸ்நானம் வாங்கின யூதர். காட்டிக்கொடுத்தது எது? செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக் கல்யாணப் பதிவேடு, 1762-ஆம் வருஷம், ஒரே ஒரு பதிவு! தாத்தா பாட்டி நாலு பேர், அவங்களைப் பெத்தவங்க எட்டு. எட்டுல ஒண்ணு, நம்ம வாய்ப்பாட்டுல அரைக்கால். அரைக்கால்ல வால்ட்ஸ் ஆடுறது எப்படி? கோயபல்ஸுக்கும் அதே கவலை. "சேதியை வெளியே விடாதே"ன்னுட்டார்.

1941-ல பதிவேடு பெர்லினுக்குப் போச்சு. பக்கம் பக்கமா நகல் எடுத்தாங்க, அந்தப் பதிவை மட்டும் விட்டுட்டாங்க. அப்புறம் என்ன செஞ்சாங்க? 'அசலுக்கு ஒத்த நகல்'னு முத்திரை! திரும்பவும் சொல்றேன், முத்திரை! நகல் தேவாலயத்துக்கு, அசல் பூட்டுக்குள்ள. தலைவரே, உங்க காது அவங்ககிட்ட இருந்திருந்தா இவ்வளவு செலவு ஆகியிருக்காது.

அந்த ரெண்டாவது தட்டை முந்தி வைக்கிற வியன்னா பில்ஹார்மோனிக் வாத்தியக்குழுவுல 1881-லேர்ந்து முன்வரிசை வயலின் அர்னால்ட் ரோசே. 57 வருஷம். 1938-ல, யூதர், வெளியே போன்னாங்க. லண்டனுக்குப் போனார். அவர்கிட்டயே வயலின் படிச்ச மகள் ஆல்மா, 1932-ல பெண்களை வெச்சே வால்ட்ஸ் குழு நடத்தினவங்க, ஆஷ்விட்ஸ்ங்கிற நாஜி வதைமுகாம்ல அகப்பட்டாங்க. அங்கே கைதிப் பெண்களோட வாத்தியக்குழு அவங்க பொறுப்பு. காலையில வேலைக்குப் போற கைதிகளுக்கு வாசல்ல அணிவகுப்பு இசை, சாயங்காலம் திரும்பும்போதும் அதே. குழுவுல இருந்தா உயிர் மிஞ்சலாம். அதனால வில் பிடிக்கத் தடுமாறின பொண்ணுங்களையும் உக்காரவெச்சு மணிக்கணக்கா சாதகம். ஒரு ஸ்வரம் பிசகினா திரும்ப, திரும்ப.

1944 ஏப்ரல்ல ஆல்மா அங்கேயே இறந்தாங்க. அவங்க பழக்கின பொண்ணுங்கள்ல பலபேர் உயிரோட வெளியே வந்தாங்க.

மணி அடிச்சாச்சு. வணக்கம்.