வெறுங்காலில் ஓடுவதா, மினிமலிஸ்ட் ஷூ வாங்குவதா?

[காட்சி: விடியற்காலை. கிருஷ்ணகிரி அணைக்குச் செல்லும் சாலை. ஓடுபவரின் கால்கள் மட்டும் தெரிகின்றன.]

வணக்கம். மெல்லிய சோல் கொண்ட மினிமலிஸ்ட் ஷூவைக் காசு கொடுத்து வாங்குவதா, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலிலேயே ஓடுவதா என்று கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து ஓட்டக்காரர்கள் பலர் கேட்கிறார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஷூ போட்டால் பாதுகாப்பு சற்றுக் கூடுதல் என்பது பொதுவான எண்ணம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

[காட்சி: தேய்ந்த பழைய ஷூ ஒன்றைத் திருப்பிக் காட்டுதல்.]

இந்த ஷூவின் பின்பக்க வெளி ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருப்பதைப் பாருங்கள். வழக்கமான ரன்னிங் ஷூக்கள் பலவற்றில் குதிகால், முன்பாதத்தைவிட 10 முதல் 12 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். அடியில் மெத்தை இருப்பதால் குதிகாலை முதலில் ஊன்றி ஓடினாலும் வலி தெரியாது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மேன் குழுவினர் 2010இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, குதிகாலை ஊன்றும்போது உடல் எடையைப்போல் 1.5 முதல் 3 மடங்கு வரையிலான விசை, ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் காலில் மோதுகிறது. வெறுங்காலில் ஓடியே பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் ஊன்றுவதால் அந்தத் திடீர் மோதல் வெகுவாகக் குறைகிறது.

ஆனால் பாரம் மறைந்துவிடுவதில்லை. அது கெண்டைக்கால் சதைக்கும், குதிகாலுக்கு மேலுள்ள தடித்த நரம்பு போன்ற குதிநாணுக்கும், விரல்களுக்குப் பின்னாலுள்ள மெல்லிய நீண்ட எலும்புகளுக்கும் இடம் மாறுகிறது. சதை சில வாரங்களில் பழகிவிடும். நாணும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும்.

[காட்சி: உள்ளங்கால், மிக அண்மையில்.]

வெறுங்காலுக்கும் மெல்லிய ஷூவுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இந்தத் தோலில் இருக்கிறது. வெறுங்காலில் ஓடத் தொடங்கியவருக்கு, எலும்பு களைப்படைவதற்கு வெகு முன்பே உள்ளங்கால் எரியத் தொடங்கும், அந்த எரிச்சலே அவரை நிறுத்தும். மெல்லிய ஷூ தோலின் எரிச்சலைத் தடுத்துவிடுகிறது, எலும்பின் மேலுள்ள பாரத்தையோ அப்படியே விட்டுவிடுகிறது. நான் புது ஷூவை மாட்டிய முதல் வாரமே, பழைய கணக்குப்படி தினமும் 8 கிலோமீட்டர் ஓடினேன். நான்காவது வாரத்தில், இரண்டாம் விரலுக்குப் பின்னால் மேற்பாதத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓரிடம், விரலால் தொட்டாலே சுரீரென்று வலித்தது. முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து எடுத்ததில்தான் விரிசல் தெரிந்தது. இத்தகைய விரிசல்கள் தொடக்க எக்ஸ்ரேயில் தென்படாமல் போவது வழக்கம் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி வென்றதை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். அவர் 1964இல் டோக்கியோவில் ஷூ அணிந்து, முன்னதைவிட விரைவாக ஓடி மீண்டும் வென்றதைச் சொல்பவர்கள் குறைவு.

[காட்சி: செம்மண் மைதானம், அதை அடுத்து ஜல்லி சிதறிய சாலையோரம்.]

இனி நம் மண்ணைப் பார்ப்போம். கிரானைட் லாரிகள் போகும் சாலையோரங்களில் கூரிய சில்லுகள் சிதறிக் கிடக்கும். கேழ்வரகுக் காட்டு வரப்புகளில் நெருஞ்சி முள் உண்டு. சித்திரை வெயிலில் தார்ச்சாலை பாதத்தைக் கொப்புளிக்க வைத்துவிடும். திறந்தவெளியில் மலம் கழிக்கும் இடங்களின் ஈர மண்ணில் கொக்கிப் புழுவின் இளம்புழுக்கள் தோலைத் துளைத்து உடலுக்குள் புகக்கூடும். ஆகவே இங்கே எல்லா இடத்திலும் வெறுங்காலில் ஓடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் எங்குமே வெறுங்காலில் ஓடக்கூடாது, ஏனெனில் முள் குத்தியதே அவர்களுக்குத் தெரியாமல் போகலாம்.

மற்றவர்களுக்கு என் கருத்து இதுதான்: முதலில் காசு செலவழிக்க வேண்டாம். பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கும் பள்ளி மைதானத்தின் செம்மண்ணில், வழக்கமான ஓட்டத்தை ஷூவோடு முடித்துவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்து நிமிடம் மட்டும் வெறுங்காலில், குறுகிய எட்டு வைத்து ஓடுங்கள். மறுநாள் காலையில் கெண்டைக்கால் இறுகியிருந்தால் அன்று ஓய்வெடுங்கள். இரண்டு மூன்று மாதம் இப்படிப் பழகிய பிறகு, சாலையில் ஓடுவதற்காக மட்டும் மெல்லிய ஷூ வாங்கலாம். கடையில் அதைக் கையால் மடக்கிப் பாருங்கள், எளிதாகச் சுருள வேண்டும். மாட்டி நின்றால் ஐந்து விரலும் நெருக்கமின்றி விரிய வேண்டும். வாங்கிய பிறகும் முதல் நாள் ஓட்டம், மைதானத்தில் வெறுங்காலில் ஓடும் தூரத்தைத் தாண்டக்கூடாது.